கச்சான் பக்கம் இரண்டு சாண்

1

நாங்கள் கனடாவுக்கு வந்து பத்து வருடம் ஆனதை என் மனைவி பாயசம் வைத்துக் கொண்டாடினாள். இங்கே சவ்வரிசி கிடைக்காது. நகரத்துச் சீனக் கடையில் வாங்கி வந்த ஏதோ வெள்ளை உருண்டைகளைப் போட்டிருந்தாள். அவை கடைசி வரைக்கும் அவியவில்லை. "நாங்களும் இஞ்ச அப்பிடித்தானே" என்றேன். அவள் சிரிக்கவில்லை. பத்து வருடத்தில் என் பகிடிகளுக்குச் சிரிக்கும் ஆட்களின் தொகை குறைந்துகொண்டே வருகிறது.

நாங்கள் இருப்பது கோதுமை வெளிக்கு நடுவே ஒரு சின்னப் பட்டணம். எந்தத் திசையில் காரை விட்டாலும் நாட்கணக்காகக் கடல் வராது. திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டே பல் விளக்கி வளர்ந்தவனுக்கு இது ஒரு தண்டனை மாதிரித்தான். ஆனால் காற்று உண்டு. கடல் இல்லாத ஊருக்கு இவ்வளவு காற்று என்னத்துக்கு என்று கேட்டால் இங்கே ஒருவருக்கும் பதில் தெரியாது. ஊரில், எங்கள் லிங்கநகரில், காயப்போட்ட வேட்டி பக்கத்து வீட்டு வேலியில் கிடக்கும். இங்கே பக்கத்து ஊரில்தான் தேடவேண்டும்.

பாயசம் குடித்த அன்றே பக்கத்துக் கோதுமைக் கமக்காரர் வால்ட்டர் தொலைபேசியில் பேசினார். சனிக்கிழமை கோபர் சுடப் போகிறாராம், நானும் வரவேண்டுமாம்.

கோபர் என்றால் என்ன என்று ஊரில் இருப்பவர்கள் கேட்பீர்கள். அணில்தான். மரமில்லாத இடம் என்பதால் நிலத்தில் வளை தோண்டிக் குடியிருக்கிறது. வளை வாசலில் இரண்டு காலில் நிமிர்ந்து நின்று, அலுவலாக அரசாங்கக் கந்தோருக்கு வந்த ஆள் மாதிரி, கையைக் கட்டிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்க்கும். கோதுமை முளையைத் தின்னும். அதன் வளைக்குள் கால் போன மாடு திரும்பச் சரியாக நடக்காது. அதனால் கமக்காரர்கள் தூரத்தில் படுத்திருந்து துவக்கால் சுடுகிறார்கள். கிட்டப் போனால் வளைக்குள் போய்விடும்.

முதுகில் மூன்று கோடு இல்லை. இராமர் இந்தப் பக்கம் வரவில்லை, ஆகவே தடவவும் இல்லை, ஆகவே சுடலாம். இது என் மூளையில் உதித்த தீர்ப்பு அல்ல. என் சிநேகிதன் மீரான் பக்கத்தில் இருந்திருந்தால் இப்படித்தான் சொல்லியிருப்பான்.

2

வால்ட்டருக்கு என்னைவிட இருபது வயது கூட. அவருடைய தாத்தா ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தவர். அந்த உரிமையில் "நாங்கள் எல்லாரும் வந்தவர்கள்தானே" என்று என் தோளில் தட்டுவார். என் பெயர் சோமசுந்தரம். முதல் நாளே அதை "சாம்" என்று வெட்டி, மிச்சத்தை எனக்கே திருப்பித் தந்துவிட்டார்.

துவக்கைக் கையில் எடுக்க எனக்கு ஒரு அனுமதிப் பத்திரம் வேண்டும் என்றார். பொலிஸ் நிலையத்தில் ஒரு படிவம் தந்தார்கள். துவக்குப் பாவித்த அனுபவம் உண்டா? துவக்கு விபத்து எதிலாவது சம்பந்தப்பட்டதுண்டா? முதலாவதற்கு "இல்லை" என்ற பெட்டிக்குள் புள்ளடி போட்டேன். அது சத்தியம்; என் வாழ்நாளில் ஒரு தரமும் விசையை இழுத்தவனில்லை. இரண்டாவதற்கும் "இல்லை". அதுவும் சத்தியம் என்றே அன்றைக்கு நினைத்தேன்.

ஒரு காலத்தில் இப்படியான படிவத்தை மேசைக்கு மற்றப் பக்கத்தில் இருந்து நீட்டியவன் நான். திருகோணமலைக் கச்சேரியில் துவக்கு லைசென்சுப் பகுதியில் கிளாக்கர். கச்சேரி என்றதும் பாட்டுக் கச்சேரியை நினைக்கும் வெளியூர் வாசகர்களுக்கு: இது மாவட்டத்து அரசாங்கக் கந்தோர். அங்கே பாடுவது பொதுசனம், தாளம் போடுவது நாங்கள்.

மீரான் அப்படிப் பாட வந்தவர்களில் ஒருவன். முழுப்பெயர் மீராசாகிபு. குடாவுக்கு அக்கரையில், மூதூருக்குக் கிட்ட, கட்டைபறிச்சானில் உப்பங்கழிக் களப்போரமாகக் கச்சான் தோட்டம் செய்தான். எங்கள் பக்கத்தில் நிலக்கடலைக்குக் கச்சான் என்று பெயர். வாப்பாவின் பழைய துவக்கைத் தன் பெயருக்கு மாற்ற வந்திருந்தான். என்ன மிருகத்திடமிருந்து பயிரைக் காக்க என்று படிவம் ஆங்கிலத்தில் கேட்டது. "நரி" என்றான். நரிக்கு ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டத் தெரியாமல் நான் "காட்டு நாய்" என்று எழுதிவிட்டேன். அந்த ஒரு சொல்லுக்காக அவன் மூன்று தரம் லோஞ்சுப் படகில் குடாவைக் கடந்து வந்து விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. நாலாம் தரம் ஒரு பை நிறைய அவித்த கச்சானோடு வந்தான்.

"இது லஞ்சமில்ல ஐயா. நரி தின்னு மிஞ்சினது" என்று மேசையில் வைத்தான். பிறகு குனிந்து மெதுவாகக் கேட்டான். "நரிக்கு இங்கிலீசு படிச்சிட்டீங்களா?"

நான் சிரித்துவிட்டேன். அடுத்த கிழமையே ஐயா போய் மச்சான் வந்துவிட்டது. ஆனால் கோபம் வந்தாலும் பாசம் வந்தாலும் அவன் என்னைக் கிளாக்கர் என்றுதான் கூப்பிட்டான்.

3

கச்சான் பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும். ஆனி, ஆடியில் மேற்கே கந்தளாய்ப் பக்கத்து வெயிலையெல்லாம் வாரிக்கொண்டு ஒரு காற்று வரும். உதடு வெடிக்கும், கண் எரியும், மனிசருக்கு விசர் வரும். அந்தக் காற்றுக்கும் பெயர் கச்சான். எந்தப் புண்ணியவான் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தானோ தெரியாது. கச்சான் வீசும் மாதங்களில்தான் கச்சான் பிடுங்குவார்கள். "கச்சான் முடிய வாறன்" என்று ஒருவர் சொன்னால் காற்றா கடலையா என்று வெளியூர்க்காரர் கேட்கவேண்டும். நாங்கள் கேட்பதில்லை. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் முடியும்.

விடுமுறை நாட்களில் நான் காலை லோஞ்சில் அக்கரைக்குப் போய்விடுவேன். தோட்டத்தை அடுத்து வற்றிய களப்பு வெளி, அதற்கு அப்பால் குடாக்கடல். வெளியின் ஓரத்து அணையில் மணல் நிரப்பிய சாக்கின்மேல் துவக்கை வைத்துக் குப்புறப் படுப்போம். எங்கள் முகம் கடலுக்கு. கச்சான் காற்று இடக்கைப் பக்கத்திலிருந்து வரும். கச்சான் தோட்டம் வலக்கைப் பக்கம். இதைத் தயவுசெய்து நினைவில் வைத்திருங்கள். நான் பத்து வருடமாக வைத்திருக்கவில்லை.

எங்கள் எதிரி மொட்டைவாலன் என்ற ஒரு நரி. நரி கச்சான் தின்னுமா என்று கேட்காதீர்கள். கிண்டித் தின்னும், கோதை உரித்து வைத்துவிட்டுப் போகும். காலை வெயிலில் வெளியைக் குறுக்கறுத்து நிலம் அளக்க வந்தவனைப் போல ஆறுதலாக நடக்கும். கிட்டப் போக ஒரு பற்றை கிடையாது, ஆகவே தூரத்திலிருந்துதான் சுடவேண்டும். வாப்பாவின் துவக்கோ சின்ன ரவைக் குண்டு போடும் துவக்கு. அவ்வளவு தூரத்தில் காற்று ரவையைக் கையில் பிடித்துப் பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். எனவே வெளியின் நடுவில் ஒரு கம்பு நட்டு, அவனுடைய உம்மாவின் பழைய சேலைக் கிழிசல் ஒன்றைக் கட்டியிருந்தோம். அதைப் பார்த்துக் காற்றுச் சொல்வது என் வேலை. ஒரு சாண், இரண்டு சாண் என்று சொல்வேன். நரியிலிருந்து அவ்வளவு தள்ளி, காற்று வரும் பக்கமாக அவன் குறி பிடிப்பான். மிச்சத்தைக் காற்று செய்யும்.

முதல் நாள் நான் தயங்கினேன். உயிர்க்கொலை என்று இழுத்தேன்.

"உங்கட சாமி ஒண்டும் ஏறி ஓடாத ஒரு சீவனைச் சொல்லு, அதைச் சுடுவம்" என்றான் மீரான். "மயில் எண்டா முருகன். எலி எண்டா பிள்ளையார். காகம் எண்டா சனியன். குரங்கு எண்டா சாமியே அதுதான். பண்டியும் அவதாரம். அதை நான் தொடவும் ஏலாது."

"நரியும் லேசுப்பட்டதில்லை. சிவபெருமான் நரியைக் குதிரையாக்கினவர்."

"பிறகு?"

"பிறகு அது திரும்ப நரியாப் போச்சுது."

"அப்ப சரி. உத்தியோகம் போன நரி. சுடலாம்" என்றான். "ரவையின்ர பாவம் எனக்கு. காத்தின்ர பாவம் உனக்கு."

இரண்டு வருடத்தில் மொட்டைவாலனுக்கு நாங்கள் ஒரு மயிர்கூடப் பிடுங்கவில்லை. அணையில் படுத்துக் கச்சான் தின்று ஊர்க்கதை கதைத்ததுதான் மிச்சம். இப்போது நினைத்தால், அதற்காகத்தான் போனோம்.

4

அந்த நாளுக்கு வருவோம். முதல் நாள் எனக்குக் கனடாவிலிருந்து கடிதம் வந்திருந்தது. குடியேறலாம், பொலிஸ் நற்சான்றுப் பத்திரம் ஒன்று மட்டும் அனுப்பவேண்டும். இதை மீரானுக்கு நேரில் சொல்லவேண்டும் என்று, கச்சேரிக்கு வயிற்றோட்டம் என்று சுகயீன லீவுக் கடிதம் அனுப்பிவிட்டு லோஞ்சு ஏறினேன்.

அணையில் படுத்துக்கொண்டு கடிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தேன்.

"மச்சான், கடுதாசி வந்திட்டுது."

"எந்தக் கடுதாசி?"

"கனடாக் கடுதாசி. போகலாமாம்."

அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு, "அங்க கச்சான் இரிக்கா?" என்றான்.

"எந்தக் கச்சான்?"

"ரெண்டும்தான்."

"ரெண்டும் இல்லையாம். பனிதானாம்."

"அப்ப என்னத்துக்குப் போறாய்?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்ல முன்பே, "சரி, வாசி கேப்பம்" என்றான். நான் கடிதத்தை விரித்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். "மகிழ்ச்சியுடன் அறியத்தருகிறோம்" என்ற இடத்தை இரண்டு தரம் வாசித்தேன். அப்போதுதான் என் முழங்கையில் இடித்தான்.

"சத்தம் போடாத. மொட்டைவாலன். காத்தைச் சொல்லு."

"கச்சான் பக்கம் ரெண்டு சாண்" என்றேன்.

வெடித்தது. நரி திரும்பி எங்களைப் பார்த்துவிட்டு, போன வேலையைத் தொடர்ந்தது. அதற்குப் பின்னால் புளியமர நிழலில் ஒரு பசு அலறி முன்காலை மடித்துக்கொண்டு விழுந்தது. கிராம அதிகாரி விதானையாரின் சிவப்புப் பசு. வெயில் வெளியைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு நிழலில் நின்ற மாடு தெரியவில்லை. துவக்கு லைசென்சைப் புதுப்பிக்க யாருடைய கையெழுத்து வேண்டுமோ, அந்த விதானையார்.

மீரான் எழுந்து நின்று வெளியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "என்ன மச்சான் சொன்னனீ?"

"கச்சான் பக்கம் எண்டு சொன்னனான்!"

அவன் தலையில் அடித்துக்கொண்டான். "அட அல்லாவே! நான் கச்சான் பக்கம் எண்டு தோட்டத்துப் பக்கமெல்லோ பிடிச்சன்! நீ காத்துக் கச்சானைச் சொல்ல, நான் கடலைக் கச்சானைப் பிடிச்சிட்டன்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயத்தில் வரும் சிரிப்பு, அடக்க ஏலாது. அவனும் சிரித்தான். என்னைவிட ஒரு கணம் பிந்தித்தான் சிரித்தான் என்பது இப்போது ஞாபகம் வருகிறது.

தூரத்தில் விதானையார் வீட்டில் சத்தம் கேட்டது. மீரான் என் கையில் கச்சான் பையைத் திணித்தான்.

"நீ என்ர சைக்கிள எடுத்துப் போ. லோஞ்சுக்கு நேரம் இரிக்கி."

"நானும் நிக்கிறன்."

"நிண்டு? வயித்தோட்டக்காரன் கட்டைபறிச்சான்ல என்ன செஞ்சவன் எண்டு கேப்பாங்கள். துவக்குக் கந்தோர்க் கிளாக்கர் வேற. உன்ர பேர் பொலிஸ் புத்தகத்தில ஏறினா நற்சான்று எங்கால? விளங்காமச் சுட்டது நான். உனக்கு இதில வேலையில்ல. போ."

நான் போனேன். ஒரு தரம் மறுத்தேன், இரண்டாம் தரம் மறுக்கவில்லை. லோஞ்சில் இருந்து துறைமுகம் கிட்ட வரும்வரைக்கும் அந்தப் பையிலிருந்த கச்சானைத் தின்றுகொண்டே இருந்தேன். 

5

பசு சாகவில்லை. நொண்டிக்கொண்டு பாலும் கொடுத்தது. ஆனால் விதானையார் விடவில்லை. மீரான் பொலிசில் தான் தனியே இருந்ததாகச் சொன்னான். அவனுடைய லைசென்சை ரத்துச் செய்ய உத்தரவு வந்தது. அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்யும் பகுதி எது என்று நினைக்கிறீர்கள்? என் மேசைதான். ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் அடித்தேன். இந்த முறை நரிக்கு ஆங்கிலம் எனக்குத் தெரிந்திருந்தது.

மீரானிடம் இதைச் சொன்னபோது, "வடிவா அடிச்சாயா?" என்று மட்டும் கேட்டான். அதே மாதத்தில் எனக்கு நற்சான்றுப் பத்திரம் வந்தது. அப்பழுக்கற்றவன் என்று முத்திரை குத்தியிருந்தது.

பத்து வருடமாக அவன் எழுதுகிறான், வருடத்துக்கு இரண்டு நீல விமானக் கடிதம். துவக்கு இல்லாத முதல் வருடம், "இந்த முறை விளைச்சல் நல்லம், நரிக்கு" என்று எழுதினான். பிறகு தோட்டத்தில் பாதியை விட்டுவிட்டு மரவள்ளி நட்டான். ஒவ்வொரு கடிதத்தின் கடைசி வரியும் ஒன்றுதான்: "அங்க காத்து எந்தப் பக்கம்?" நானும் மண்டையைப் போட்டு உடைத்து, இத்தனை பாகை குளிர், இத்தனை அடி பனி என்று வானிலை அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையில் பசுவின் கதை எனக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தது. தைப்பொங்கலுக்கு நகரத்தில் நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் கூடினால், சாப்பாடு முடிந்ததும் "சோமண்ணை, அந்தக் கச்சான் கதை!" என்பார்கள். எழுந்து நின்று நடித்துக் காட்டுவேன். காற்றுக் கச்சான், கடலைக் கச்சான், சிநேகிதனின் மடத்தனம், பசுவின் அலறல். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். கதை அலறலோடு முடிந்துவிடும். லோஞ்சும் தட்டச்சும் அதில் வருவதில்லை.

6

சனிக்கிழமை வால்ட்டரோடு போனேன். பத்திரம் இன்னும் வரவில்லை, ஆகவே துவக்கு அவருக்கு, காற்று எனக்கு. வேலிக் கம்பியில் இடைக்கிடை சிவப்பு நாடா கட்டியிருந்தார். அதைப் பார்த்து நான் சொல்லவேண்டும். தூரத்தில் ஒரு கோபர் கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

"சொல்லு, சாம்."

"பொறுங்கள்" என்றேன். நாடா ஆடியது. "பொறுங்கள்... இன்னும் கொஞ்சம்." கோபர் உள்ளே போய்விட்டது. இன்னொன்று வந்தது. அதற்கும் பொறுங்கள் என்றேன். மூன்றாவதும் போனபின் வால்ட்டர் துவக்கைக் கீழே வைத்துவிட்டு, "உனக்கு என்ன பயம்?" என்று கேட்டார்.

வழக்கமான கதையை எடுத்துவிட்டேன். ஆங்கிலத்தில் அது அவ்வளவு ருசிக்கவில்லை. கச்சான் காற்றை நான் "கடலைக் காற்று" என்று சொல்ல, அவர் அதை வயிற்று உபாதை என்று நினைத்து அனுதாபத்தோடு தலையாட்டினார். பிறகு, "புரியவில்லை, கீறிக் காட்டு" என்று ஒரு குச்சியைத் தந்தார்.

புழுதியில் கீறினேன். இது நாங்கள் படுத்த அணை. இது கடல். காற்று இடப்பக்கத்திலிருந்து. தோட்டம் வலப்பக்கம். நரி இங்கே நேரே. பசு... என் கை தானாகப் புளியமரத்தைத் தேடிப் போய், நரிக்குப் பின்னால், இடப்பக்கமாக ஒரு புள்ளி வைத்தது.

வால்ட்டர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். அவர் கதை கேட்கிற ஆள் இல்லை, காற்றுப் பார்க்கிற ஆள்.

"உன் நண்பன் தவறாக விளங்கித் தோட்டத்துப் பக்கம், அதாவது வலப்பக்கம் பிடித்தான் என்கிறாய். காற்றும் வலப்பக்கம் தள்ளுகிறது. அப்படியானால் ரவை தோட்டத்துக்குள் விழுந்திருக்கும். உன் பசு இடப்பக்கம் அல்லவா நிற்கிறது?"

நான் குச்சியால் காற்றின் கோட்டைத் திரும்ப ஒரு தரம் கீறினேன்.

"அவன் நீ சொன்ன பக்கம்தான் பிடித்திருக்கிறான், சாம். சரியாகத்தான் விளங்கியிருக்கிறான். நீ சொன்ன காற்றுத்தான் அங்கே இருக்கவில்லை. நின்றுபோயிருக்கும், அல்லது திரும்பியிருக்கும். கடலோரம்தானே?" என்றார். பிறகு குற்றம் சாட்டாத குரலில் கேட்டார். "காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது யார்?"

காலை வெயில் ஏற ஏறக் கச்சான் களைத்துக் கடல்காற்று உள்ளே வரும். குடாவைச் சுற்றி இருக்கும் சின்னப்பிள்ளைக்கும் இது தெரியும். நான் சேலைக் கிழிசலைப் பார்த்திருந்தால் அது மற்றப் பக்கம் பறப்பதைக் கண்டிருப்பேன். நான் பார்த்துக்கொண்டிருந்தது "மகிழ்ச்சியுடன் அறியத்தருகிறோம்" என்ற வரியை.

மீரான் எழுந்து நின்று வெளியைப் பார்த்த அந்த ஒரு கணத்தில் எல்லாம் அவனுக்கு விளங்கியிருக்கிறது. என்னைத் திரும்பிப் பார்ப்பதற்குள் ஒரு கதையைக் கட்டி, மடையன் பட்டத்தைத் தானே சூடிக்கொண்டு, என்னை லோஞ்சு ஏற்றி அனுப்பிவிட்டான். நானோ பத்து வருடமாக அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிப் பசுவைக் கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் நடத்திக்கொண்டு போயிருக்கிறேன். நொண்டிப் பசு, பாவம். எனக்கு வெட்கமாக இருந்தது. வால்ட்டருக்கு முன்னால் மூக்கைச் சிந்தினேன். காற்று, தூசி என்றேன். அதை மட்டும் அவர் நம்பினார்.

7

திங்கட்கிழமை பொலிஸ் நிலையத்துக்குப் போய், படிவத்தில் ஒரு பதிலைத் திருத்தவேண்டும் என்றேன். துவக்கு விபத்தில் சம்பந்தப்பட்டதுண்டு என்றேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் பேனையைத் தூக்கினாள்.

"யாருக்குக் காயம்?"

"ஒரு பசுவுக்கு."

"சுட்டது நீங்களா?"

"இல்லை. நான் காற்றுச் சொன்னேன்."

பேனையைக் கீழே வைத்துவிட்டாள். பசு இந்தப் பகுதிக்குள் வராது, காற்றுக்குப் பெட்டியே இல்லை என்று விளங்கப்படுத்தி, படிவத்தை எனக்குத் திருப்பிக் காட்டினாள். "இல்லை" என்ற புள்ளடி அப்படியே இருந்தது. இரண்டு நாட்டு அரசாங்கங்கள் என்னை அப்பழுக்கற்றவன் என்று எழுதி வைத்திருக்கின்றன.

வீட்டில் குசினி மேசையில் இருந்து மனைவிக்குச் சொன்னேன். எங்கள் மகள் பக்கத்துக் கதிரையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டு வயதில் வந்தவள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அவளுக்குக் காற்றுக் கச்சானும் தெரியாது, கடலைக் கச்சானும் தெரியாது. போத்தலில் வரும் கடலை வெண்ணெய்தான் தெரியும். கதை விளங்கவில்லை என்றுதான் நினைத்தேன். தலையை நிமிர்த்தாமல், அபூர்வமாகத் தமிழில் சொன்னாள்.

"அப்ப மீரான் மாமா பிழை விடயில்லை. உங்கட பிழையை எடுத்தவர்."

ஆங்கிலத்தில் நினைத்துத் தமிழில் இறக்கிய வசனம். எங்களில் ஒருவரும் அப்படிப் பேசமாட்டோம். மற்ற நாட்களில் என்றால் திருத்தியிருப்பேன். அன்றைக்குத் திருத்த ஒன்றும் இருக்கவில்லை.

அன்று மீரானுக்கு எழுதினேன். பசு இடப்பக்கம் நின்றது என்று தொடங்கினேன். கடிதத்தைப் பார்த்துக்கொண்டு காற்றுச் சொன்னேன் என்று எழுதினேன். உன் துவக்கு போனதும் பாதித் தோட்டம் போனதும் என்னால்தான், அது தெரியாமல் உன்னை மடையனாக்கி ஊரெல்லாம் சிரிக்க வைத்தேன், மன்னித்துக்கொள் என்று எழுதினேன். கடைசியில் மனம் கேட்காமல், எந்தச் சாமியும் ஏறாத, இராமரும் தடவாத ஒரு சீவனை இங்கே கண்டுபிடித்துவிட்டேன் என்றும் சேர்த்தேன்.

ஐந்து கிழமையில் பதில் வந்தது. அதை அப்படியே தருகிறேன்.

"மச்சான் கிளாக்கருக்கு. கடுதாசி கிடைச்சுது. பசுவைத் திரும்பக் கொண்டுவந்து புளியமரத்தில கட்டினதுக்குச் சந்தோசம். கச்சானுக்குள்ள பிறந்தவனுக்கு எந்தக் கச்சான் எண்டு தெரியாதா? நீ சொன்ன பக்கம்தான் பிடிச்சனான். வெடிச்சாப் பிறகுதான் துணியைப் பார்த்தன். கடல்காத்து வந்து கன நேரம் போல. ஆனா முழுப் பிழையையும் நீ எடுத்துக்கொண்டு போகாத. நீ கடுதாசியைப் பார்த்துக்கொண்டு இருந்தனீ. நான் உன்னைப் பார்த்துக்கொண்டு இருந்தனான். துணியை ரெண்டு பேருமே பார்க்கல்ல. பாதி என்ர.

போன வருசம் லைசென்சு திரும்பக் கிடைச்சிட்டுது, உனக்கு எழுதல்ல. புதுக் கிளாக்கருக்கு நரிக்கு இங்கிலீசு தெரியுது, அதால ஒரே தரத்தில வேலை முடிஞ்சுது. அதுவும் ஒரு மாதிரித்தான் இரிக்கி. காத்துச் சொல்ல ஆளில்ல, அதால துவக்கு அலுமாரிக்கு மேல கிடக்கு. அந்த அணிலைச் சுடாத. இராமர் தடவல்ல எண்டா நீயாவது தடவி விடு. அங்க காத்து எந்தப் பக்கம்?"

மனைவியின் பழைய சேலை ஒன்றில் ஒரு முழம் கிழித்தேன்.  பின்வளவில் உடுப்புக் காயப்போடும் கம்பத்தில் அதைக் கட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். வேலிக்கு அப்பால் ஒரு கோபரும் அப்படியே நின்று என்னைப் பார்த்தது. பிறகு உள்ளே வந்து நீலக் கடிதத்தை விரித்தேன்.

"மச்சான், இப்ப வலப்பக்கம்" என்று எழுதினேன். "ஆனா பொறு. திரும்ப ஒருக்காப் பார்த்திட்டு வந்து சொல்லுறன்."